சாக்லெட்டில் ஈயம்

சென்ற சில வருஷங்களாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் விவாதத்துக்கு இடமாகியிருக்கும் ஒரு விஷயத்தை நமது ஜில்லாவாசிகள் இன்னும் உரிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. குழந்தைகளின் கையில் நாம் மனமுவந்து எடுத்துக் கொடுக்கும் சாக்லெட்டில் ஈயமும் காட்மியமும் சேர்ந்திருக்கின்றன என்பதே அவ்விஷயம். லால்குடிக் கடைத்தெருவிலும், ஸ்ரீரங்கத்து வீதிகளிலும், திருச்சிப் பெரிய கடை வீதியிலும் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் இருந்த கண்ணாடி ஜாடிகளின் இடத்தைப் பளபளப்பான காகிதம் சுற்றிய கட்டிகள் பிடித்துக் கொண்டு வெகு காலமாகிவிட்டது. பிறந்த நாள் என்றால் வகுப்பு முழுவதற்கும் சாக்லெட் விநியோகிக்க வேண்டும் என்பது கிராமப் பள்ளிக்கூடங்களில்கூட வழக்கமாகிவிட்டது. ஆகையால் இதைச் சீமான் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. குடியானவன் வீட்டுக் குழந்தையையும் இது பற்றிய விஷயமாகும்.

நடந்தது இதுதான். அமெரிக்காவில் நுகர்வோருக்காகப் பொருள்களைச் சோதித்து வெளியிடும் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் ஸ்தாபனம் 2022-ம் வருஷம் டிசம்பரில் 28 வகைக் கறுப்புச் சாக்லெட்டுக் கட்டிகளைப் பரிசோதித்து முடிவை வெளியிட்டது. அவ்வளவிலும் ஈயமும் காட்மியமும் காணப்பட்டன. அவற்றுள் 23 வகைகளில், நாளொன்றுக்கு ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம், தின்றாலே கலிபோர்னியா ராஜ்யம் விதித்துள்ள அளவுகளில் ஏதேனும் ஒன்றையாவது மீறிவிடும் என்று அந்த ஸ்தாபனம் கூறிற்று. அடுத்த வருஷம் கொக்கோப் பொடி, பால் சாக்லெட் முதலியவற்றையும் சேர்த்து 48 பண்டங்களைச் சோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 16 பண்டங்கள், அளவு மீறியிருந்தன. பால் சாக்லெட்டுக் கட்டிகளில் ஒன்றேனும் அளவு மீறவில்லை என்பதையும் நாம் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கொக்கோ அதிகமாகச் சேரச் சேர உலோகமும் அதிகமாகச் சேருகிறது. இருதயத்துக்கு நல்லது, உடம்புக்கு வலிவு என்று விளம்பரம் செய்து விற்கப்படும் கறுப்புச் சாக்லெட்டே இவ்விஷயத்தில் முதல் குற்றவாளி என்பது விசித்திரந்தான். 2024-ல் ஜார்ஜ் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 72 பண்டங்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார்கள். ஈயத்தில் 43 சதவிகிதமும் காட்மியத்தில் 35 சதவிகிதமும் கலிபோர்னியா அளவை மீறியிருந்தன. ‘இயற்கை உரம் மட்டும் இட்டது’ என்று முத்திரை குத்திய சரக்குகளே அதிக உலோகம் உள்ளவையாக இருந்தன. முத்திரையை நம்பிக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் என்ன சொல்வார்களோ!

கலிபோர்னியா அளவு மிகக் கண்டிப்பானது. நாளொன்றுக்கு ஈயம் 0.5 மைக்ரோகிராம், காட்மியம் 4.1 மைக்ரோகிராம் என்பது அது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லக்ஷம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு நுட்பமான அளவை மீறியதாலேயே ஒரு பண்டம் விஷமாகிவிடாது. அமெரிக்க மத்திய சர்க்காரின் உணவு இலாகா குழந்தைகளுக்கு ஈயத்தில் நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம் என்று வேறொரு அளவு வைத்திருக்கிறது. அதையே அளவுகோலாகக் கொண்டால் பெரும்பாலான சாக்லெட்டுகள் தேறிவிடும். தீபாவளிக்கு ஒரு கட்டி தின்ற குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று தாய்மார்கள் திகிலடைய வேண்டியதில்லை. பீதியைக் கிளப்புவது நமது நோக்கமன்று. ஆனால் பீதி வேண்டாம் என்று சொல்வதற்கும், விசாரணை வேண்டாம் என்று சொல்வதற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை வியாபாரிகளும் அவர்களுக்குப் பரிந்து பேசும் உத்தியோகஸ்தர்களும் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ஈயம் உடம்புக்கு எவ்விதத்திலும் வேண்டாத பொருள். அது குழந்தைகளின் மூளையைத் தாக்குகிறது. புத்தி மந்தத்தையும் கவனக் குறைவையும் உண்டாக்குகிறது. இழந்தது பிறகு திரும்பி வருவதில்லை. இவ்வளவு வரை உட்கொண்டால் பாதகமில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு முன்பு ஒரு வார அளவை வகுத்திருந்தது. 2010-ல் அக்குழுவே அதை வாபஸ் வாங்கிக் கொண்டது. பாதகமில்லாத அளவு என்று ஒன்றைக் காட்ட இயலவில்லை என்பதே காரணம். காட்மியமோ மூத்திரக் குண்டிக்காயில் போய்த் தங்குகிறது. ஒரு தடவை தங்கியதில் பாதி வெளியேறுவதற்கே 10 முதல் 30 வருஷங்கள் ஆகும். ஜப்பானில் ஜின்ஸு நதிக் கரையில் கமியோகா சுரங்கத்தின் கழிவு கலந்த நீரைப் பாய்ச்சி விளைந்த அரிசியைத் தின்ற கிழவிகளின் எலும்புகள் இருமினாலே ஒடிந்து போயின. ‘ஐயோ வலிக்கிறதே’ என்ற அவர்களுடைய கூக்குரலே அந்த நோய்க்குப் பெயராயிற்று. ஜப்பானிய சர்க்கார் அதை 1968-ல்தான் காட்மியத்தால் விளைந்த நோயென்று ஒப்புக் கொண்டது.

நாமும் அரிசி தின்னும் ஜனங்கள். அரிசியே பிரதானமான தேசங்களில் ஒருவன் உடம்பில் சேரும் காட்மியத்தில் கணிசமான பாகம் அரிசி வழியாகவே வருகிறது. சாக்லெட்டால் சேருவது அதற்கு மேல் ஏறும் பாரம். 2020-ல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கைப்படி இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலுமாக இருக்கிறது. பழைய பாட்டரிகளை உடைத்து உருக்கும் இடங்கள், வர்ணப் பூச்சுகள், பளிச்சென்ற நிறத்துக்காக மஞ்சளில் சேர்க்கப்படும் ஈயக் குரோமேட், மட்டமான உலோகப் பாத்திரங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டால் சாக்லெட்டின் பங்கு சிறியதே. ஆனால் ஏற்கனவே முக்கால் வாசி நிரம்பிய குடத்தில் ஊற்றும் ஒரு செம்பு நீருக்கும், வெறுங்குடத்தில் ஊற்றும் ஒரு செம்பு நீருக்கும் பேதம் இல்லையா? அமெரிக்கக் குழந்தைக்குக் கெடுதல் என்று கருதப்படும் அளவு இந்தியக் குழந்தைக்கு எப்படி அற்பமாகும்?

உலோகங்கள் கொக்கோவில் புகும் வழியை அறிந்தால்தான் பரிகாரத்தையும் அறிய முடியும். இரண்டு உலோகமும் ஒரே வழியில் வருவதில்லை.

காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியாக மரத்தில் ஏறிப் பருப்புக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. தென் அமெரிக்காவில் ஈக்வடார், பெரு, கொலம்பியா ஆகிய தேசங்களின் சில பிரதேசங்களில் மண்ணிலேயே காட்மியம் அதிகம். மேற்கு ஆப்பிரிக்க மண்ணில் குறைவு. இயற்கையாக உள்ளது போதாதென்று மனிதன் சேர்ப்பதும் உண்டு. பாஸ்பேட் பாறையிலிருந்து செய்யும் உரங்களில் காட்மியம் கூடவே வருகிறது. இதை உணர்ந்துதான் ஐரோப்பியக் கூட்டுறவு நாடுகள் 2022 ஜூலை முதல் பாஸ்பேட் உரங்களில் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்ஸைடுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கலாகாதென்று விதித்தன. மண்ணில் அமிலம் மிகுந்தால் வேர் காட்மியத்தை அதிகமாக இழுக்கும். சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணித்தால் இழுப்பது குறையும். நமது டெல்டா மிராசுதார்கள் கவனிக்க வேண்டிய சேதியொன்றும் இங்கே உண்டு. வயலில் நீர் நின்றிருக்கும் வரையில் நெல் காட்மியத்தை அவ்வளவாக ஏற்பதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் காட்மியம் சற்றுக் கூடும், ஆர்ஸெனிக் குறையும். நீரை மிச்சப்படுத்தும் அந்த நல்ல முறையை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. மண்ணைச் சோதித்துக் கொண்டு செய்ய வேண்டும் என்கிறோம்.

ஈயத்தின் கதை வேறு. கலிபோர்னியாவில் ஸாண்டா குரூஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராங்கின், பிளகல் முதலியோர் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதில் மிகவும் பிரசித்தமானது. நைஜீரியாவில் ஆறு தோட்டங்களிலிருந்து எடுத்த கொக்கோப் பருப்பில் சராசரியாக ஒரு கிராமுக்கு 0.5 நானோகிராமோ அதற்குக் குறைவாகவோதான் ஈயம் இருந்தது. உணவுப் பண்டங்களிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று அது. ஆனால் ஆலையிலிருந்து வெளிவந்த கொக்கோவில் ஒரு கிராமுக்கு 230 நானோகிராம் வரையிலும், சாக்லெட்டில் 70 நானோகிராம் வரையிலும் காணப்பட்டது. மரத்தில் இல்லாத ஈயம் கடையில் எப்படி வந்தது? நடுவழியில் மனிதன் கை பட்ட இடங்களில் வந்தது என்பதைத் தவிர வேறு விடை இல்லை. அமெரிக்காவில் ‘ஆஸ் யூ ஸோ’ என்னும் சங்கத்தார் சாக்லெட்டுக் கம்பெனிகளின் மீது வழக்குத் தொடுத்து, 2018-ல் ராஜி ஏற்பட்டு, அதன்படி அமைக்கப்பட்ட நிபுணர் குழு 2022-ல் அறிக்கை கொடுத்தது. காயை உடைத்து எடுத்த பருப்பு புளிக்க வைத்த பின் ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும் தருணத்தில் திறந்த வெளியில் உலர்த்தப்படும்போது, காற்றில் பறக்கும் மண்ணும் தூசியும் அதன் மேலோட்டில் ஒட்டிக் கொள்கின்றன என்றும், ஈயம் பிரதானமாக இவ்வழியே வருகிறதென்றும் அவர்கள் கண்டார்கள். தரையில் பரப்பாமல் மேடை மீதோ பாயின் மீதோ உலர்த்துவதும், ஆலையில் ஓட்டை நன்றாகப் புடைத்து நீக்குவதுமே இதற்குப் பரிகாரம். இதற்கு ஒரு விஞ்ஞான சாஸ்திரியும் வேண்டாம், ஒரு கோடி ரூபாயும் வேண்டாம்.

நமது ஜில்லாவில் இதைப் படிப்போருக்கு ஒரு காட்சி உடனே நினைவுக்கு வந்திருக்கும். அறுவடைக் காலத்தில் லால்குடி வழியாகச் சிதம்பரம் செல்லும் ரஸ்தாவில் பாதியை நெல்லுக்குக் களமாக்கி, மறு பாதியில் லாரிகளும் பஸ்ஸுகளும் போக விடுவது நாம் வருஷந்தோறும் பார்ப்பதுதான். நெல்லுக்கு உமி உண்டு. உமியோடு தூசியும் போய்விடலாம். பிசுபிசுத்த கொக்கோப் பருப்பு அப்படியன்று. இந்தியா முழுவதிலும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியோடு ஒழிக்கப்பட்டது உண்மையே. ஆனால் ஈயம் மக்கிப் போகும் பொருளன்று. அதற்கு முன் பல பத்து வருஷங்களாக ரஸ்தா ஓரங்களில் படிந்தது அந்த மண்ணிலேயே கிடக்கும்.

கொக்கோ நமக்குச் சம்பந்தமில்லாத அந்நியப் பயிர் என்று யாரும் கருத வேண்டாம். இந்திய மண்ணில் அது முதன் முதலாக நடப்பட்டதே தமிழ்நாட்டில்தான். 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதைக் குற்றாலத்தில் பயிரிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1960-களில் காட்பரி கம்பெனியார் கேரளத்தில் அதைப் பரப்ப முற்பட்டார்கள். விலை வீழ்ச்சியடைந்து விவசாயிகள் தவித்தபோது, 1973-ல் மங்களூரில் தோன்றிய காம்ப்கோ என்னும் பாக்கு விவசாயிகளின் கூட்டுறவு சங்கம் கொக்கோவையும் கொள்முதல் செய்யத் தொடங்கி, 1986-ல் புத்தூரில் சொந்தமாக ஒரு சாக்லெட்டு ஆலையையே நிறுவிற்று. விவசாயிகள் தாங்களே முதலாளிகளாகி அந்நிய மூலதனத்தோடு போட்டி போட முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம். இன்று ஆந்திரமும் கேரளமும் முன்னணியில் நிற்க, தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலை முதலிய இடங்களில் தென்னந்தோப்புகளுக்கிடையே கொக்கோ ஊடுபயிராக வளர்கிறது. 2024-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குன்றியதால் நியூயார்க் சந்தையில் விலை டன்னுக்கு 12,000 டாலரையும் தாண்டிற்று. பிறகு அது வெகுவாக இறங்கிவிட்ட போதிலும், அந்த விலையைக் கண்டு தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஆசை பிறந்தது இயல்பே. அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாயும் நமது லால்குடித் தாலுகாவிலும் தென்னையும் வாழையும் உண்டு. நாளை இங்கேயும் ஒருவர் கொக்கோக் கன்றை நட முன்வந்தால் நாம் அவரைத் தடுக்கமாட்டோம். நடுவதற்கு முன் மண்ணைச் சோதித்துவிட்டு நடுங்கள் என்போம்.

ஆனால் அவர் எங்கே போய்ச் சோதிப்பார்? 2015-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த மண் வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு அம்சங்கள் கணக்கிடப்படுகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ், போரான், அமில காரத் தன்மை, உப்பின் அளவு, கரிமச் சத்து ஆகியவையே அவை. ஈயம் இல்லை, காட்மியம் இல்லை. மகசூலைப் பெருக்குவது எதுவோ அதை அளக்கிறார்கள். மகசூலைத் தின்பவனைக் கெடுப்பது எதுவோ அதை அளப்பதில்லை. நகரக் குப்பையிலிருந்து செய்யும் எருவுக்கு உரக் கட்டுப்பாட்டு உத்தரவில் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம் என்று எல்லை வகுத்த சர்க்காருக்கு இந்த உலோகங்களின் பெயர் தெரியாமலில்லை. எருவில் இவற்றுக்கு எல்லை உண்டு. அந்த எரு போய்ச் சேரும் நிலத்தின் அட்டையில் இவற்றுக்கு இடமில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு 2015-ல் நடந்த மாகி நூடில்ஸ் விவகாரம் பல பாடங்களைக் கற்பித்தது. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கியில் 2014-ல் எடுத்த ஒரு பொட்டலம் கல்கத்தாவிலுள்ள மத்திய சோதனைச் சாலைக்குச் சென்று, அதில் பத்து லக்ஷத்துக்கு 17.2 பங்கு ஈயம் இருப்பதாக முடிவு வந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு அப்போது 2.5 பங்கு. உடனே தேசம் அமர்க்களப்பட்டது. 2015 ஜூன் 4-ந் தேதி தமிழ்நாடு சர்க்கார் மூன்று மாதத்துக்குத் தடை விதித்தது. மறுநாள் மத்திய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் தேசம் முழுவதிலும் விற்பனையை நிறுத்தினார்கள். ஆகஸ்டு 13-ந் தேதி பம்பாய் ஹைக்கோர்ட்டு அந்தத் தடையைத் தள்ளிவிட்டது. கம்பெனியின் வாதத்தை முறைப்படி கேட்கவில்லை என்பதும், சோதனை நடத்திய சாலைகள் சட்டப்படி அங்கீகாரம் பெற்றவையல்ல என்பதும் கோர்ட்டார் காட்டிய காரணங்கள். அங்கீகாரம் பெற்ற மூன்று சாலைகளில் மறுபடி சோதித்து, அளவுக்குட்பட்டே இருப்பதாகக் கண்டபின், நவம்பரில் பண்டம் கடைக்குத் திரும்பி வந்தது.

தீர்ப்பைக் குறை சொல்வது நமது எண்ணமன்று. சட்டப்படி வேறு தீர்ப்பு வந்திருக்க முடியாது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் கோடிக்கணக்கான குழந்தைகள் தின்னும் பண்டத்தைப் பற்றி அவசரமாக ஒரு தடையும், ஆறுதலாக ஒரு தோல்வியும் நேர்ந்ததால் பொதுஜனங்களுக்கு மிஞ்சியது என்ன? சோதனைச் சாலைகளின் மீதும் நம்பிக்கை போயிற்று. தடையின் மீதும் நம்பிக்கை போயிற்று. ஒரு வருஷம் பொறுமையாக, பல ஊர்களில், பல பொட்டலங்களை, அங்கீகாரம் பெற்ற சாலைகளில் சோதித்து, எண்களை அப்படியே வெளியிட்டிருந்தால் தடையே அவசியப்பட்டிராது. வாங்குகிறவனே முடிவு செய்திருப்பான்.

இங்கிலாந்தின் சரித்திரம் இதற்குச் சாட்சி. 1820-ல் அக்கம் என்ற ரசாயன நிபுணர் லண்டன் கடைகளில் ஈய வர்ணமும் தாமிர வர்ணமும் தீட்டிய மிட்டாய்களைப் பற்றி நூல் எழுதி அம்பலப்படுத்தினார். 1850-களின் தொடக்கத்தில் ‘லான்ஸெட்’ வைத்தியப் பத்திரிகை டாக்டர் ஹாஸல் என்பவரைக் கொண்டு ஆயிரக்கணக்கான பண்டங்களைச் சோதித்தது. கொக்கோவின் பல மாதிரிகளில் செங்கற்பொடியைப் போன்ற காவி மண் கலந்திருந்தது. அந்தப் பத்திரிகை முடிவை மட்டும் வெளியிடவில்லை. விற்ற கடைக்காரரின் பெயரையும் விலாசத்தையும் சேர்த்தே வெளியிட்டது. கலப்படம் செய்தவன் பெயர் போலவே சுத்தமாக விற்றவன் பெயரும் அச்சாயிற்று. 1860-ல் முதல் கலப்படச் சட்டம் பிறந்தது. சில வருஷங்களில் காட்பரி கம்பெனியாரே ‘முற்றிலும் சுத்தமானது’ என்பதைத் தங்கள் கொக்கோவுக்கு விளம்பரமாக்கிக் கொண்டார்கள். பத்திரிகையின் மை பட்டபின் வியாபாரிக்குச் சுத்தமே லாபமாகிவிட்டது. நமது சென்னை ராஜதானியில் கலப்படத் தடைச் சட்டம் 1918-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்து நூறு வருஷங்களுக்கு மேலாகியும் பெயரும் எண்ணும் சேர்த்து வெளியிடும் வழக்கம் மட்டும் நம்மிடம் வேரூன்றவில்லை.

அளவுகளைப் பற்றி ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடுவோம். ஐரோப்பாவில் 2019 ஜனவரி முதல் அமலுக்கு வந்த விதிப்படி, கொக்கோ குறைந்த பால் சாக்லெட்டில் கிலோவுக்கு 0.10 மில்லிகிராமும், பாதிக்கு மேல் கொக்கோ உள்ள கறுப்புச் சாக்லெட்டில் 0.80 மில்லிகிராமும் காட்மியத்துக்கு எல்லை. ஐக்கிய நாடுகளின் உணவு விதிக் குழுவும் ஏறக்குறைய இதே போக்கில் 2018-லும் பிறகும் எல்லைகளை வகுத்தது. முன் சொன்ன நிபுணர் குழு உடம்பின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் மாதம் 25 மைக்ரோகிராம் காட்மியம் வரையில் தாங்கலாம் என்கிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது நாளொன்றுக்கு 12.5 மைக்ரோகிராம் ஆகிறது. எல்லையைத் தொடும் கறுப்புச் சாக்லெட்டு 25 கிராம் தின்றால் 20 மைக்ரோகிராம். பால் சாக்லெட்டு அதே அளவு தின்றால் 2.5 மைக்ரோகிராம். சட்டத்துக்கு உட்பட்ட பண்டமே தினந்தோறும் சிறு குழந்தைக்குக் கொடுக்கத் தக்கதல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஈயத்திலோ, பத்து லக்ஷத்துக்கு 2.5 பங்கு என்ற அந்தப் பழைய பொது அளவை 25 கிராம் பண்டத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் 62.5 மைக்ரோகிராம் வருகிறது. அமெரிக்கர் தங்கள் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வைத்த அளவைப்போல் இது 28 மடங்கு. குழந்தைகள் தின்னும் மிட்டாய்க்கு அவர்கள் 2006-லேயே பத்து லக்ஷத்துக்கு 0.1 பங்கு என்று அறிவுரை கூறிவிட்டார்கள். அங்கே பிறந்த குழந்தையின் மூளைக்கும் இங்கே பிறந்த குழந்தையின் மூளைக்கும் வெவ்வேறு படிக்கற்கள் உண்டா என்று நாம் கேட்க விரும்புகிறோம்.

நமது நண்பர்களில் சிலர், இது மேல்நாட்டார் நமது விவசாயிகளின் தலையில் கட்டப் பார்க்கும் புதிய நிபந்தனை என்று சொல்லக் கூடும். இந்த ஆக்ஷேபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஐரோப்பிய விதி வந்தபோது அதன் சுமை முழுதும் பெருவிலும் ஈக்வடாரிலும் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த ஏழைகளின் மீதே விழுந்தது. மண்ணில் காட்மியம் இருப்பது அவர்கள் செய்த பிழையன்று. பெரிய ஆலைக்காரனோ பல தேசத்துப் பருப்பைக் கலந்து சராசரியைத் தாழ்த்திக்கொண்டு தப்பிவிடுகிறான். தோட்டம் சிறிதானால் குற்றம் பெரிதாகிவிடுகிறது. இதே அநீதி நமது தேசத்திலும் நேராதிருக்க வேண்டுமானால், கம்பெனிக்காரன் விலை பேசும் நேரத்தில் சோதனைச் சீட்டைக் காட்டி விவசாயியை மிரட்டும் நாள் வருமுன், விவசாயியின் கையில் தன் மண்ணைப் பற்றிய சீட்டு இருக்க வேண்டும். இந்தியாவில் ஆகும் கொக்கோ நமது ஆலைகளின் தேவைக்கே போதாமல் வெளியிலிருந்து தருவிக்கிறோம். நமது பருப்பு சுத்தமென்று எண்ணால் நிரூபிக்கப்பட்டால் அதைவிடச் சிறந்த சுதேசி விளம்பரம் வேறில்லை. நிரூபிக்காமல் சுதேசி என்ற பெயரை மட்டும் போர்த்துக்கொண்டு நிற்பதை நாம் ஆதரிக்க முடியாது.

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. கொக்கோ பயிராகும் தாலுகாக்களிலும் ஊடுபயிருக்கு உதவித்தொகை கொடுக்கும் தாலுகாக்களிலும் மண் வள அட்டையில் ஈயத்தையும் காட்மியத்தையும் சேர்க்க வேண்டும். கன்றுக்கு உதவி கொடுக்கும் தோட்டக்கலை இலாகா உலர்த்தும் மேடைக்கும் உதவி கொடுக்க வேண்டும். ரஸ்தாவில் உலர்த்திய பருப்பைக் கூட்டுறவு சங்கங்கள் வாங்க மறுக்க வேண்டும். கடையில் விற்கும் சாக்லெட்டுகளை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சோதித்து, வியாபாரப் பெயரோடும், கண்ட எண்ணோடும், எடுத்த ஊரோடும் தமிழில் வெளியிட வேண்டும். ‘எல்லாம் திருப்திகரம்’ என்ற ஒற்றை வரி அறிக்கை நமக்குத் தேவையில்லை.

சர்க்கார் அசையும் வரையில் ஜனங்கள் கைகட்டி நிற்க வேண்டியதுமில்லை. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவை நமது வாசகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? உணவுப் பண்டத்தை விலைக்கு வாங்கும் எவரும், அதைச் சோதனைக்கு அனுப்பப் போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்து, உரிய கட்டணத்தைக் கட்டி, உணவு ஆய்வாளரிடமிருந்து அறிக்கை பெறலாம். பண்டம் சட்டத்துக்கு விரோதமாயிருந்தால் கட்டிய பணம் திருப்பித் தரப்படும். நமக்கு அருகே தஞ்சாவூரில் ராஜ்ய சர்க்காரின் உணவுச் சோதனைச் சாலை இருக்கிறது. லால்குடியிலும் ஸ்ரீரங்கத்திலும் வாசகசாலை நடத்தும் வாலிபர்கள் பத்துப் பேர் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, கடைத்தெருவில் அதிகம் விலை போகும் ஐந்தாறு வகைகளை முறைப்படி வாங்கி அனுப்பட்டும். ஈயம், காட்மியம் இரண்டையும் எண்ணால் குறிப்பிட வேண்டுமென்று மனுவில் தெளிவாக எழுதட்டும். மனுவின் வாசகத்தில் சந்தேகம் எழுந்தால் நமது காரியாலயத்துக்கு வந்தால் எழுதிக் கொடுக்கிறோம். வரும் அறிக்கை நல்லதாயிருந்தாலும் பொல்லாததாயிருந்தாலும், ஓர் எண்ணும் மாறாமல் இந்தப் பக்கத்திலேயே அச்சிடச் சித்தமாயிருக்கிறோம்.